ஜன்னல் வெட்டாத பலகை

என் வாப்பாவுக்கு மரவேலை தெரியாது. கடைத்தெருவில் நூல், பித்தான், ரிப்பன், சரிகை விற்கிற சின்னக் கடை அவருடையது. வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றால்கூட யாரையாவது கூப்பிட்டுத்தான் அடிக்கச் சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு மழைக்காலம் ஓய்ந்ததும், தேயிலைப் பெட்டிகளை உடைத்து முற்றத்தில் பலகைகளாகப் பரப்பி, எனக்கொரு பொம்மை வீடு செய்ய உட்கார்ந்தார்.

காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. மதாம் ஒருத்தி கவுனுக்குச் சரிகை பார்க்க வேண்டுமென்று ஆள் அனுப்பியிருந்தாள். வாப்பா பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது என்னையும் கூட்டிப் போனார். அந்த வீட்டு வராந்தாவில்தான் முதல்முதலாகப் பொம்மை வீட்டைப் பார்த்தேன். முன்பக்கச் சுவர் முழுவதும் அலமாரிக் கதவுபோலத் திறந்தது. உள்ளே மாடி, படிக்கட்டு, கட்டில், சுண்டுவிரல் நகமளவு கோப்பைகள். என் வயதுப் பெண் ஒருத்தி அதன் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனதும் சுவரைச் சாத்திவிட்டாள். சாத்தினாலும் ஜன்னல்கள் இருந்தன. ஒரு ஜன்னல் வழியாக நாற்காலியின் காலொன்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எனக்கும் ஒண்ணு வேணும் வாப்பா" என்று திரும்பும் வழியெல்லாம் அரித்தெடுத்தேன்.

வாப்பாவின் அக்காவை நாங்கள் மாமி என்போம். பக்கத்துத் தெருவில் இருந்தார். விஷயம் கேள்விப்பட்டதும் வந்துவிட்டார். "பொம்மை கிம்மையெல்லாம் செஞ்சு வைக்காதே. உருவம் இருக்குற வீட்டுக்கு மலக்குமாருங்க வரமாட்டாங்க" என்று வானவர்களைச் சொல்லி எச்சரித்தார்.

"உருவம் இல்ல லாத்தா. வீடு மட்டுந்தான். உள்ளே ஒண்ணும் இருக்காது" என்றார் வாப்பா.

உம்மா எனக்காகப் பரிந்து பேசினாள். "இன்னும் கொஞ்ச நாள்ல பெரியவளாகி உள்ளே இருக்கப் போற புள்ள. வெளிய எதைப் பாக்கப் போறா? செஞ்சு குடுங்க."

மரத்தில் ஜன்னல் வெட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை மெல்லியது. விளிம்புத் தகரத்தைப் பிரித்து, உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளை உரித்தால் பழைய தேயிலை வாசம் அடிக்கும். பக்கத்து ஊரான நிரவியில் நாற்காலி செய்கிற ஒருவரிடமிருந்து வாப்பா ஒரு கம்பி ரம்பம் வாங்கி வந்தார். வில்போல வளைந்த இரும்புச் சட்டம், அதன் இரண்டு நுனிகளுக்கும் நடுவே நூல் தடிமனில் பல் வைத்த அலகு. முதல் பலகையில் வாப்பா விளிம்பிலிருந்து உள்ளே அறுத்துக்கொண்டு போனார். பலகை பிளந்துபோயிற்று. நடுவில் ஒரு திறப்பு வேண்டுமென்றால் முதலில் ஓர் ஓட்டை போட வேண்டும்; அலகின் ஒரு முனையைக் கழற்றி அந்த ஓட்டைக்குள் நுழைத்து மறுபடி சட்டத்தில் மாட்ட வேண்டும்; அப்புறம்தான் உள்ளிருந்து அறுக்கலாம். அதைக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு பலகைகள் வீணாயின.

என் வேலை பலகை ஆடாமல் அதன்மேல் உட்கார்ந்துகொள்வது. வாப்பா அறுக்கும்போது அந்த அதிர்வு இடுப்பு வழியாக ஏறிப் பல்லில் வந்து நிற்கும். மூலை திரும்பும்போது அலகு பட்டென்று முறியும். வாப்பா வேறொரு அலகு மாட்டுவார். நான்கு பக்கமும் வெட்டி முடிந்ததும் நடுத்துண்டு விழும். அதைக் கீழே விழவிடமாட்டார். மறுகையை அடியில் நீட்டிப் பிடித்துக்கொள்வார். அந்தத் துண்டுகளே ஜன்னல் கதவுகளாயின. கீல் வாங்கவில்லை. கடையிலிருந்த ரிப்பனைக் கொண்டுவந்து ஒட்டி, திறக்கவும் மூடவும் வைத்தார்.

எனக்கு விசித்திரமாகத் தெரிந்தது இன்னொன்று. வெட்டுவதற்குத்தான் அவர் தடுமாறினார். வரைவதற்குத் தடுமாறவே இல்லை. பென்சிலை எடுத்தால் யோசிக்காமல் கோடு போடுவார். இங்கே கதவு, இங்கே படி, இங்கே தரைவரை நீளும் ஜன்னல். எங்கள் தெருவில் அப்படி வீடு கிடையாது. எங்கள் வீடுகளில் தெருப்பக்கம் உயரத்தில் ஒரு ஜன்னல் இருந்தால் பெரிது. வெளிச்சமெல்லாம் முற்றத்தின் வழியாகத்தான். வாப்பா வரைந்த வீட்டிலோ எல்லாப் பக்கமும் திறப்பு. மதாம் வீட்டில் பார்த்த பொம்மை வீடும் இப்படி இல்லை.

"எந்த வீடு வாப்பா இது?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு வீடு."

வெட்டி முடித்த ஒவ்வொரு ஓட்டையிலும் நான் கண்ணை வைத்துப் பார்ப்பேன். தினமும் புழங்குகிற முற்றம்தான். ஆனால் பலகைக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது அது வேறு யாருடைய வீடோ போலிருக்கும். கிணற்றடி, கொடியில் காய்கிற துணி, அடுப்பங்கரை வாசலில் மீன் கழுவுகிற உம்மா எல்லாமே எனக்குத் தெரியாதவை போலிருக்கும். ஒருநாள் உம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையை உதறினாள்.

"அதுக்குள்ளேர்ந்து என்னைப் பாக்காதே. யாரோ பாக்குற மாதிரி இருக்கு."

வாப்பாவை நான் முதல்முதலாகப் பார்த்தது என் ஆறாவது வயதில். சிறு வயதிலேயே அவர் சைகோனுக்குச் சபர் போனவர். எங்கள் ஜனங்களில் பலர் அப்படித்தான், கப்பலேறிப் போய்த் துணிக்கடைகளில் இருந்து சம்பாதித்தார்கள். இடையில் ஒருமுறை ஊருக்கு வந்தபோது உம்மாவை நிக்காஹ் செய்தார். சில மாதங்கள் இருந்துவிட்டு மறுபடி போனார். நான் பிறந்தேன். உலகச் சண்டை வந்து கப்பல் நின்றது. ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற தகவல்கூட இல்லை. மவுத்தாகிவிட்டார் என்று வைத்துக்கொண்டு வேறு வழி பார் என்று உம்மாவுக்குச் சொன்னவர்கள் உண்டு. உம்மா கேட்கவில்லை. சண்டை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேலான பிறகு ஒருநாள் மத்தியானம், மெலிந்து கறுத்த ஒரு மனிதர் வாசலில் வந்து நின்றார். உம்மா என் முதுகில் கைவைத்து அவர் முன்னால் தள்ளினாள். "இவதான்" என்றாள். அந்த மனிதர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டோம்.

பலகைகள் வெட்டி முடிந்து, ஒட்டுவதற்கு முன்னால் சரியாக வருகிறதா என்று பார்க்க, வாப்பா நான்கு சுவர்களையும் நிறுத்திச் சுற்றிலும் கயிறு கட்டினார். உயரம் என் இடுப்பளவு வந்தது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு. மேலே முன் அறையிலிருந்து வெளியே ஒரு கதவு, அதற்கு வெளியில் சின்னத் தாழ்வாரம். அடுப்பங்கரை என்று அவர் சொன்ன அறையின் சுவரில், கதவுக்குப் பக்கத்திலேயே, தரையோடு தரையாக ஒரு குட்டித் திறப்பு.

"இது என்ன வாப்பா? இதுல யாரும் நுழைய முடியாதே."

"அது பூனைக்கு" என்றார்.

உம்மா கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த துணியோடு அப்படியே நின்றாள்.

"யாரு வீட்டுப் பூனை?"

வாப்பா உப்புத்தாளை எடுத்து அந்தத் திறப்பின் ஓரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். உம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு துணியை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றையிலிருந்து உம்மா அந்த வீட்டை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்குவாள், தொடமாட்டாள். மாடியின் பின் அறைச் சுவரில் மட்டும் வாப்பா திறப்பு வெட்டவில்லை. ஜன்னலைப் பென்சிலால் வரைந்திருந்தார். வரைந்து, அழித்து, மறுபடி அதே இடத்தில் வரைந்து, அந்த இடத்தில் மரமே கறுத்துப்போயிருந்தது. "இதை எப்ப வெட்டுவீங்க?" என்று கேட்டால், "அலகு தீந்து போச்சு" என்பார். அலகு தீரவில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி மாடத்தில் இருந்தது எனக்கே தெரியும்.

அந்த நாட்களில் அசர் தொழுதுவிட்டு வந்ததும் வாப்பா வீட்டின் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்துகொள்வார். எதையும் செய்யமாட்டார். கீழ் அறை ஜன்னலில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நான் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். வாப்பா ஜன்னலிடம் வாயைக் கொண்டுபோய் மெதுவாக எதையோ சொன்னார். மறுபடி சொன்னார். தமிழ் இல்லை. பிரெஞ்சு போலவும் இல்லை. மதாம்களிடம் அவர் பேசுகிற பிரெஞ்சு எனக்குக் காதில் பழக்கம். இது பாட்டில் இழுப்பதுபோலக் கடைசியில் நீண்டது.

"கோன் ஓய்..."

சொல்லிவிட்டுக் காதைத் திருப்பி ஜன்னலில் வைத்தார். பதிலுக்குக் காத்திருப்பவரைப் போல இருந்தது. அந்த வீட்டுக்குள் ஒன்றுமே கிடையாது. நான்கு பலகையும் கயிறும்தான். ஆனால் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

கோன் ஓய் என்பது அந்தப் பூனையின் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பூனைக்கென்று வாசல் வெட்டியிருக்கிறார், கூப்பிடவும் கூப்பிடுகிறார், வேறென்ன?

அந்த வெள்ளிக்கிழமை மாமி வீட்டில் சாப்பாடு. மாமியின் வீட்டுக்காரரும் பழைய சபராளிதான். வாப்பா இருந்த அதே துணிக்கடைத் தெருவில் கடை வைத்திருந்தவர். சாப்பிட்டு முடித்துப் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வாப்பா கடைக்குப் போய்விட்டார். மாமி வீட்டுக் கூடத்தில் ஒரு பூனை மீன்முள்ளுக்காகச் சுற்றியது. நான் அதைக் கூப்பிட்டேன், வாப்பா இழுத்த மாதிரியே இழுத்து.

"கோன் ஓய்... கோன் ஓய்..."

மாமா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னா சொன்னே?"

"பூனையக் கூப்புட்டேன் மாமா."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"வாப்பா அப்படித்தான் கூப்புடுவாங்க. பொம்மை வீட்டு ஜன்னல்ல."

மாமா மாமியைப் பார்த்தார். மாமி தரையைப் பார்த்தார். அந்த இரண்டு பேரையும் உம்மா பார்த்தாள். நான் தப்பாக எதையோ சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று பயந்து உம்மாவின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன்.

"அதுக்கு என்னா அர்த்தம்னு சொல்லுங்க மச்சான்" என்றாள் உம்மா.

"அது ஒண்ணுமில்ல. அந்த ஊர்ப் பேச்சு."

"அர்த்தம் இருக்கும்ல?"

மாமா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். வந்தும் உட்காரவில்லை. "பெத்த புள்ளையக் கூப்புடுறது. தாய் தகப்பன் கூப்புடுறது அப்படித்தான்" என்றார்.

மாமி அழ ஆரம்பித்தார். அவர் அழுததிலிருந்து, அவருக்கு இது முன்பே தெரியும் என்று உம்மா புரிந்துகொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். முக்காட்டுக்குள்ளே அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

வாப்பாவிடம் உடனே கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆக்கினாள், பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். வாப்பாவும் எதையோ உணர்ந்துகொண்டு பேச்சைக் குறைத்தார். அந்தச் சில நாட்கள் எங்கள் வீட்டில் ரம்பச் சத்தம் இல்லை. கயிறு கட்டிய வீடு மட்டும் முற்றத்தின் ஓரத்தில் எல்லா ஜன்னலையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. அதைக் கடந்துபோகும்போது நான் வேகமாகப் போவேன். அதற்குள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். எந்த அறையில் என்றுதான் தெரியாது.

ஒரு காலையில் வாப்பா கடைக்குப் புறப்படவில்லை. முக்காலியைப் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்கு அரம் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். உம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். வெட்டாத பலகையைக் காட்டினாள்.

"அந்த ரூமுல யாரு படுத்தா?"

அரம் நின்றது. என்னை உள்ளே போகச் சொல்வார்கள் என்று நினைத்தேன். என்னை யாரும் கவனிக்கவே இல்லை.

"புள்ள" என்றார் வாப்பா.

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?"

"பொம்பளப் புள்ள."

"அவ உம்மாவ நிக்காஹ் செஞ்சீங்களா?"

"பள்ளிவாசல்ல வச்சுத்தான் செஞ்சேன். மச்சானும் சாட்சிக்கு இருந்தாரு."

"எனக்கு முன்னாடியா, பின்னாடியா?"

வாப்பா அரத்தைக் கீழே வைத்தார். "முன்னாடி" என்றார்.

உம்மா எழுந்தாள். கிணற்றடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக் கழுவினாள். திரும்ப வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள்.

வாப்பா சொன்னதை நான் பலமுறை மனதுக்குள் திரும்ப ஓட்டியிருக்கிறேன். சண்டை முடிந்த சமயம். ஜப்பான்காரன் தோற்றுவிட்டான், பிரெஞ்சுக்காரன் திரும்பி வருகிறான் என்று ஊருக்குள்ளே கலவரம். தெருவில் சுட்டுக்கொண்டார்கள், வெட்டிக்கொண்டார்கள். வாப்பாவும் கூட இருந்தவர்களும் கடைக் கதவை அடைத்துக்கொண்டு நாட்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள். சத்தம் ஓய்ந்த ஒரு பகலில் வாப்பா வீட்டுக்கு ஓடினார். மழை பெய்துகொண்டிருந்தது. முன்கதவு திறந்திருந்தது. எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. தரையெல்லாம் மழைத் தண்ணீர்.

"மழைன்னா மொதல்ல ஜன்னலச் சாத்துறவ அவ" என்றார் வாப்பா. "கீழ யாரும் இல்ல. பூனையும் இல்ல. மேல ஏறினேன். முன் ரூமும் காலி. பின் ரூம் கதவு மட்டும் சாத்தி இருந்துச்சு. தள்ளிப் பாத்தேன். உள்தாழ்ப்பாள்."

"உள்ளேர்ந்தா?"

"உள்ளேர்ந்து. காத்துல கதவு அறைஞ்சாலும் அது தானா விழும். லேசான தாழ்ப்பாள். நாந்தான் வாங்கிப் போட்டேன். கூப்புட்டேன். அவ பேரச் சொல்லிக் கூப்புட்டேன். 'கோன் ஓய்'னு கூப்புட்டேன். காதை வச்சுக் கேட்டேன். மழைச் சத்தம்தான்."

"ஒடச்சீங்களா?"

"இல்ல."

"ஏன் ஒடைக்கல?"

"தோளக் குடுத்திருந்தா ஒடைஞ்சிருக்கும்." வாப்பா தன் தோளைத் தொட்டார். "ஒடச்சா உள்ள பாக்கணுமே. யாரையாவது கூட்டிக்கிட்டு வந்து ஒடைக்கலாம்னு எறங்கிட்டேன். தெருமுனை தாண்டல, மறுபடி சுட ஆரம்பிச்சிட்டாங்க. ஓடிட்டேன். அப்புறம் போனப்ப அந்தத் தெருவே எரிஞ்சு கெடந்துச்சு."

விசாரித்திருக்கிறார். அம்மாவும் மகளும் படகேறி அவள் தாய் ஊருக்குப் போனதைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். அந்த வாரம் எந்தப் படகும் போகவில்லை என்றான் இன்னொருவன். மாதக்கணக்கில் அலைந்துவிட்டு, கப்பல் கிடைத்ததும் ஏறிவிட்டார்.

"மேல பின்னாடி அந்த ஜன்னல்லதான் நிப்பா. நான் கடையிலேர்ந்து பின்சந்து வழியா வருவேன். தூரத்துலயே பாத்துட்டு மேலேர்ந்து சத்தம் போடுவா."

உம்மா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. அழவில்லை. கத்தவுமில்லை.

"ஒங்கள நான் என்னா செய்யணும்னு பொறவு யோசிச்சுக்கிறேன். இந்தச் சுவத்த இப்படியே விட்டு வச்சுருந்தா இந்த வீட்டுல என்னால சோறு திங்க முடியாது. வெட்டுங்க."

"என்னால முடியாது."

"அப்ப நகருங்க."

உம்மா கயிற்றை அவிழ்த்து அந்தப் பலகையை எடுத்தாள். மாடத்திலிருந்து அலகைக் கொண்டுவரச் சொன்னாள். நான் கொண்டுவந்தேன். இத்தனை நாள் அடுப்பங்கரை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், எல்லாம் தெரிந்திருந்தது. துளையிட்டாள். அலகை நுழைத்து மாட்டினாள். நான் பலகைமேல் ஏறி உட்கார்ந்தேன். கறுத்துப்போன பென்சில் கோட்டின்மேல் ரம்பம் நகர்ந்தது. உம்மாவின் கை பழகாத கை, அழுத்தம் அதிகம். முதல் மூலையில் அலகு முறிந்தது. வேறொன்று போட்டாள். கோடு விலகி விலகி வந்தது. வாப்பா முக்காலியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் அவர் நெற்றி சுருங்கியது.

கடைசிப் பக்கம் வெட்டும்போது துண்டை அடியிலிருந்து பிடிக்க வேண்டும் என்று உம்மாவுக்குத் தெரியவில்லை. அது கல் தரையில் விழுந்து சத்தம் எழுப்பியது. வாப்பா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்.

உம்மா பலகையை அதன் இடத்தில் நிறுத்திக் கயிற்றைக் கட்டினாள். குனிந்து அந்தக் கோணல் ஜன்னலில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள். நிஜமாகவே அவள் எதையாவது பார்த்துச் சொல்லப் போகிறாள் என்று பயந்தேன்.

"என்னா இருக்கு?" என்று வாப்பா கேட்டார். இப்போது நினைத்தால் பைத்தியக்காரக் கேள்வி. அன்றைக்கு எங்களில் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை.

"நீங்களே வந்து பாருங்க" என்றாள் உம்மா.

வாப்பா எழுந்து வந்தார். மண்டியிட்டார். அந்தச் சின்னத் திறப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தோள்கள் குலுங்க, சத்தமே வராமல் அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். உம்மா அவரைத் தொடவில்லை. ரம்பத்தை எடுத்து எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிடவில்லை. நெடுநாள் உம்மா வாப்பாவுக்குச் சோறு வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். மாமியோடு ஒரு வருஷத்துக்கு மேல் பேச்சு வார்த்தை இல்லை. சண்டைக் காலத்தில் தனக்குச் சொன்ன ஆறுதலெல்லாம் பொய் என்று மாமியின் முகத்துக்கு நேரே சொன்னாள். வாப்பா வீட்டை ஒட்டி, கூரை போட்டு, உள் அறையில் கொண்டுவந்து வைத்தார். எல்லா ஜன்னல்களுக்கும் ரிப்பன் வைத்த கதவு இருந்தது, மாடிப் பின் அறைக்கு மட்டும் இல்லை. அந்தத் துண்டு விழுந்ததில் மூலை உடைந்துபோயிருந்தது. வேறொன்று செய்து மாட்டட்டுமா என்று வாப்பா கேட்டதற்கு உம்மா வேண்டாம் என்றாள்.

நான் அதில் விளையாடினேனா என்று கேட்டால், விளையாடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தீப்பெட்டியில் கட்டில் செய்து கீழ் அறையில் போட்டேன். முன் அறையில் ரிப்பன் துண்டைப் பாயாக விரித்தேன். பின் அறையில் எதையும் வைக்கவில்லை. வைக்கக் கை வராது. அது என்னுடையது இல்லை. நான் பெரியவளாகி உள்ளே இருக்க ஆரம்பித்த பிறகு, பகலெல்லாம் எனக்கு அந்த வீடுதான் துணை. உம்மா அடுப்பங்கரையில் இருக்கும் நேரம் நான் அந்த ஜன்னல் பக்கம் போய் மெதுவாக "லாத்தா" என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். எனக்கு மூன்று வயதோ என்னவோ மூத்தவள். எந்தப் பாஷையில் பதில் சொல்வாள் என்று யோசிப்பேன். பயமாகவும் இருக்கும், விட்டுப் போகவும் மனம் வராது. சில நாள், அறையில் நான் தனியாக இல்லை என்று நிச்சயமாகத் தோன்றும். முதுகுக்குப் பின்னால் யாரோ என்னைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்பதுபோல. திரும்பினால் கொடியும் பெட்டியும்தான் இருக்கும். இதை உம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். பேய், பிசாசு என்று திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கும் அப்படி இருக்கும்" என்றாள். "அரிசி களையுறப்ப."

பிரெஞ்சுக்கொடி இறங்கிய ஒன்றிரண்டு வருஷத்தில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாரும் இன்னும் இரண்டு பெண்களும். மாமியும் வந்திருந்தார், அதற்குள் உம்மாவோடு சமாதானமாகியிருந்தது. வாப்பா ஆண்களோடு முன்கூடத்தில் இருந்தார். நடுவில் திரைதான். நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் தாயார் வழக்கமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"ஒரே புள்ளைங்களா?"

"இல்லங்க. ரெண்டு பொண்ணு" என்றாள் உம்மா. "இவ சின்னவ."

மாமி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்த வாப்பாவின் குரல் நின்றுவிட்டது.

"மூத்தவள எங்கே குடுத்திருக்கீங்க?"

"சைகோன்ல இருக்கா."

"அவ்வளவு தூரமா! வந்து போவாளா?"

உம்மா பதில் சொல்லுமுன் திரைக்கு அப்பாலிருந்து வாப்பா சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. "இப்ப வழி இல்லங்க. வழி பொறந்தா வருவா."

அவர்கள் போனபிறகு வாப்பா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். "இருக்கான்னு எப்படிச் சொன்னே? நமக்குத் தெரியாதே" என்றார்.

"இல்லேன்னும் தெரியாது" என்றாள் உம்மா. குடித்துவிட்டு வைத்த கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஒங்களையும் எல்லாரும் இல்லேன்னுதான் சொன்னாங்க."

சம்பந்தம் முடிந்தது. என் மாமியார் நல்லவர். பெருநாளுக்குப் பெருநாள், புதுத் துணி எடுக்கும் சமயத்தில், அக்கறையோடு விசாரிப்பார்.

"ஒங்க லாத்தாகிட்டேர்ந்து ஏதும் தகவல் வந்துச்சா புள்ள?"

"இன்னும் இல்ல மாமி" என்பேன்.